மன்றத்துக் கல்லாப்பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திருமங்கலம். அக்கா இந்த ஆகஸ்டில் அமெரிக்கா போய் அக்கவுண்டிங்கில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறாள். அங்கே பீட்டா ஆல்ஃபா சை என்ற மாணவர் அமைப்பில் சேரச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணம் உண்டு. வேலைக்கு உதவுமா என்று கேட்கிறாள். எனக்கும் ஒரு மெயில் வந்தது. என் மதிப்பெண்ணை வைத்து ஒரு சர்வதேச கௌரவச் சங்கத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், பணம் கட்டினால் சான்றிதழும் பதக்கமும் வருமாம். இதற்கிடையே எங்கள் துறையின் வணிகவியல் மன்றத்துக்கு என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். அப்பாவோ, "ஊரான் காசு நமக்கு எதுக்கு? செயலாளர்னா இரு, இல்லாட்டி விட்டுரு" என்கிறார். பட்டம் முடித்து சி.ஏ. படிக்க எண்ணம். அமெரிக்காவில் இருப்பதுபோல் நம் ஊரில் ஏதாவது உண்டா? நான் என்ன செய்யலாம்?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

மெயில் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மதிப்பெண் பட்டியலை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? உங்கள் கல்லூரியில் அவர்களுக்குக் கிளை உண்டா, பொறுப்புப் பேராசிரியர் உண்டா? எதுவும் இல்லாமல் பணம் கட்டும் சுட்டி மட்டும் இருந்தால் அது சான்றிதழ் வியாபாரம். அழித்துவிடுங்கள்.

அக்காவுக்கு வந்திருப்பது அந்த ரகம் அல்ல. பீட்டா ஆல்ஃபா சை 1919இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணக்கியல் மாணவர்களுக்காக வந்த அமைப்பு, பிற்பாடு நிதித்துறை மாணவர்களையும் தரவுப் பகுப்பாய்வு படிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது. தான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கிளை வழியாகத்தான் ஒருவர் உறுப்பினராக முடியும். இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, 1913இல் தொடங்கிய பீட்டா காமா சிக்மா. அது முழுக்கத் தரவரிசைக் கணக்கு. இளங்கலையில் முதல் 10 சதவீதம், முதுகலையில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். சேர்ந்தபின் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டா ஆல்ஃபா சையில் மதிப்பெண் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். மேல்நிலைப் பாடங்களில் பொதுவாக நான்குக்கு 3.0க்குக் குறையாத சராசரி வேண்டும், கிளைகள் அதைக் கூட்டியும் வைக்கலாம். முதல் பருவம் முழுக்க அவள் வேட்பாளர் மட்டுமே. நிறுவனத்தார் வந்து பேசும் தொழில்சார் கூட்டங்களில் இத்தனை மணி நேரம், சேவையில் இத்தனை மணி நேரம் என்று கிளை விதித்ததை முடித்தால்தான் உறுப்பினர். கட்டணமும் இரண்டு வகை: தலைமை அமைப்புக்கு ஒரே தடவை கட்டுவது, கிளைக்குப் பருவந்தோறும் கட்டுவது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவள் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. எம்.எஸ். என்பது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை ஆண்டுப் படிப்பு. ஆகஸ்டில் போனவள் செப்டம்பரிலேயே வேட்பாளராகச் சேர்ந்தால் டிசம்பர் வாக்கில் உறுப்பினர் ஆகலாம். 'முதல் செமஸ்டர் செட்டில் ஆகட்டும், ஜனவரியில் பார்க்கலாம்' என்று விட்டால் உறுப்பினர் ஆகும்போது படிப்பே முடியப்போகும். தணிக்கை நிறுவனங்கள் ஆள் எடுக்க வளாகத்துக்கு வருவதும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். வேலை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே இடங்களை நிரப்பிவிடுவார்கள். கிளை நடத்தும் நிறுவனச் சந்திப்பு மாலைகளில்தான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த ஒரு மாணவி நேருக்கு நேர் கேட்க முடியும்: "உங்கள் அலுவலகம் விசா ஆதரவு தருமா?" இணையத்தில் விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டிய பதில், அங்கே இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். கட்டணத்துக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

மணிக்கணக்கை அவளே தேதியோடு எழுதி வைக்கட்டும். வருகைத்தாளில் கையெழுத்து விட்டுப்போய், பருவக் கடைசியில் இரண்டு மணி நேரம் குறைந்து உறுப்பினராகாமல் நிற்பவர்கள் உண்டு. கிளைத் தலைவர், செயலாளர் பதவிகளுக்கு அவள் இருக்கும் காலம் போதாது. ஏதாவது ஒரு குழுவின் பொறுப்பைக் கேட்டு வாங்கலாம். என் ஓட்டு விட்டாவுக்கு.

விட்டா என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப்படிவம் தயாரித்துத் தரும் தன்னார்வத் திட்டம். அமெரிக்க வருமான வரித்துறையின் ஆதரவில் நடக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை சீசன். முதலில் நடத்தை விதிகளுக்கும் பிறகு வரிச் சட்டத்துக்கும் தேர்வு எழுத வேண்டும், 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வந்தவரிடம் 13614-சி என்ற தாளை நிரப்பி வாங்கி, அதை வைத்துக் கேள்வி கேட்டு, படிவம் போட்டு, இன்னொருவர் கையில் மறுபரிசீலனைக்குக் கொடுக்க வேண்டும். தன் வேலையை அடுத்தவர் சரிபார்ப்பது என்ற தணிக்கை ஒழுக்கம் இங்கே பழகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. நம் பிள்ளைகள் அங்கே போன முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிச் சட்டப்படி 'அங்கே வசிக்காதவர்' கணக்குதான். அவர்கள் போட வேண்டியது சாதாரண 1040 வரிப்படிவம் அல்ல, வசிக்காதவருக்கான 1040-என்ஆர். கூடவே 8843ஆம் படிவம், வருமானமே இல்லாவிட்டாலும். அடிப்படைத் தேர்வு மட்டும் எழுதிய தன்னார்வலர் அதைத் தொடக்கூடாது, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனித்தேர்வு இருக்கிறது. 'நீதான் விட்டா பண்றியே, எங்களுக்கும் போட்டுக் குடு' என்று ரூம்மேட்கள் கேட்பார்கள். அவசரத்தில் சாதாரண 1040ஐப் போட்டுக் கொடுத்தால் பிறகு திருத்தப் படிவம், கூடுதலாக வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கட்டுவது என்று இழுத்துக்கொண்டே போகும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கிடைக்கும் என்பதும் அந்தத் தனித்தேர்வுக்குப் படித்தவருக்குத்தான் நினைவிருக்கும். அவள் அதையும் எழுதிவிட்டால் அந்த வளாகத்து இந்திய மாணவர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள்.

இனி நம் ஊர். சி.ஏ. மாணவர்களுக்குத் தென்மண்டலத்தில் சிகாசா என்ற மாணவர் சங்கம் இருக்கிறது, சி.ஏ. படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யின் மதுரைக் கிளையிலும் அது இயங்குகிறது. பேச்சு, வினாடி வினா, மாதிரித் தேர்வு, மாணவர் மாநாடு என்று நடக்கும். போட்டிகளில் ஜெயித்தால் மண்டலம், தேசியம் என்று மேலே போகலாம். ஆனால் அதற்கு நீங்கள் ஐ.சி.ஏ.ஐ.யில் மாணவராகப் பதிந்திருக்க வேண்டும். இப்போதே சி.ஏ.வின் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். இல்லையென்றால் பி.காம். 55 சதவீதத்தோடு முடித்து நேரடியாக அடுத்த நிலையான இன்டர் போகலாம், இறுதியாண்டில் இருக்கும்போதே தற்காலிகப் பதிவும் உண்டு. ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் 2023இலிருந்து இரண்டு ஆண்டு, லீவு ஆண்டுக்குப் 12 நாள்தான். அதனால் சிகாசா குழுவில் சேருமுன் உங்களுக்குப் பயிற்சி தரும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். வரித் தணிக்கைக் கெடு செப்டம்பர் 30. அந்த மாதம் நிகழ்ச்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டு ஆபீஸில் போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புக்கும் கம்பெனி செகரட்டரி படிப்புக்கும்கூட மதுரையில் சாப்டர்கள் உள்ளன.

ஆனால் இதெல்லாம் இரண்டு வருடம் கழித்து. இப்போது உங்கள் கையில் இருப்பது மன்றம். அக்காவின் அமைப்பானாலும் உங்கள் மன்றமானாலும், நேர்முகத்தில் 'உறுப்பினர்' என்ற சொல்லுக்கு அடுத்த கேள்வி, 'அதில் என்ன செய்தீர்கள்?' என்பதுதான். வணிகவியல் மாணவனுக்கு அதற்குச் சொல்லத்தக்க பதில் பொருளாளர் பதவியில்தான் கிடைக்கும். செயலாளர் மைக் பிடிப்பார், போட்டோவில் நடுவில் நிற்பார். இருக்கட்டும். நிஜமான பணம், நிஜமான பில், முழித்துக்கொண்டு நிற்கும் வித்தியாசம் எல்லாம் பொருளாளரிடம்தான் வரும்.

அப்பாவின் பயமும் நியாயமானதுதான். மாணவர் மன்றங்களில் கணக்கு கெடுவது பெரும்பாலும் திருட்டினால் அல்ல, ஜிபேயால். 180 பேர், தலைக்கு 200 ரூபாய் சந்தா, 36,000. அது பொருளாளரின் சொந்த நம்பருக்கு வருகிறது. அதே கணக்கிலிருந்து ரீசார்ஜ் போகிறது, பஸ் பாஸுக்குப் போகிறது, வீட்டிலிருந்து பணம் வருகிறது. மூன்று மாதம் கழித்து எது மன்றத்தின் காசு என்று அவருக்கே தெரியாது. எனவே சந்தா கல்லூரி அலுவலகத்திலோ, துறைப் பேராசிரியரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திடும் வங்கிக் கணக்கிலோதான் விழ வேண்டும். பணம் அனுப்புகிறவர் குறிப்பில் பதிவு எண்ணை எழுதட்டும். அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணை நீங்கள் ரொக்க ஏட்டில் எழுதுங்கள். 'ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன்ணே' என்பதற்கு ரசீது போடாதீர்கள். ஸ்டேட்மெண்டில் வந்தால்தான் வரவு. ரசீதுப் புத்தகம் வரிசை எண் அச்சிட்டதாக, கார்பன் நகலோடு இருக்கட்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடு போட்டு இரண்டு தாளையும் புத்தகத்திலேயே விடுங்கள்.

செலவுப் பக்கம் இன்னும் வழுக்கும். சிம்போசியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் கடைக்காரர் பில்லுக்குப் பதிலாக 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டைத் தருவார், ஜி.எஸ்.டி. இல்லாமல் கொஞ்சம் குறைத்தும் தருவார். அந்தச் சீட்டைக் கல்லூரி அலுவலகம் ஏற்காது. குறைந்த தொகைக்கு ஆசைப்பட்டு முழுத்தொகையையும் கைக்காசாகக் கட்டிய பொருளாளர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. டீ, வடை, ஆட்டோ போன்றவற்றுக்குப் பில் கிடைக்காது. அங்கே ரொக்க வவுச்சர் எழுதி, வாங்கியவர் கையெழுத்தைப் பெறுங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். சில்லறைச் செலவுக்கு 2,000 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்து, வவுச்சர்களைக் கொடுத்து அதே தொகைக்கு மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். எந்த நிமிடம் எண்ணினாலும் காசும் வவுச்சரும் சேர்ந்து 2,000 வர வேண்டும். கல்லூரி கொடுத்த முன்பணத்தை உடனுக்குடன் பில் வைத்து முடித்துவிடுங்கள். பழையது நிலுவையில் இருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் வராது. கல்லூரியின் கணக்கு மார்ச் 31இல் மூடுகிறது, உங்கள் மன்றத்தின் ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. மார்ச் கடைசி வாரத்து பில்கள் தொலைவது இந்த இடுக்கில்தான்.

ஆண்டு முடிவில், பிளஸ் டூவில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று படித்தீர்களே, அது உயிரோடு எதிரில் வந்து நிற்கும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். சந்தா வரவு 36,000. முதலாண்டு மாணவர் 15 பேர் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டியது 3,000. செலவு 31,000. கையிருப்பு 8,000. பெரும்பாலான பொருளாளர்கள் இதோடு நிறுத்தி, அந்த எட்டாயிரத்தை அடுத்தவரிடம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மன்றத்தின் மலரில் விளம்பரம் போட்ட நகைக்கடை 5,000 இன்னும் தரவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்கு 2,400 பாக்கி. வருவாய் 36,000த்தோடு 5,000 சேர்த்து 41,000. செலவினம் 33,400. உபரி 7,600. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் ரொக்கம் 8,000, வரவேண்டிய விளம்பரம் 5,000, ஆக 13,000. மறுபக்கம் முன்கூட்டிப் பெற்ற சந்தா 3,000, கொடுபட வேண்டிய 2,400, உபரி 7,600, அதுவும் 13,000. புதிய பொருளாளர் கையில் வாங்கும் எட்டாயிரத்தில் 3,000 அவர் ஆண்டின் சந்தா, 2,400 ஃப்ளெக்ஸ் கடைக்காரருடையது. நகைக்கடை பணம் தரும்வரை பழைய ஆண்டின் மிச்சம் என்று சொல்லக்கூடியது 2,600தான். இந்த ஒரு தாளை நீங்களே தயாரித்துத் துறைக் கூட்டத்தில் வாசித்திருந்தால், ஆர்ட்டிகிள்ஷிப் நேர்முகத்தில் பேச உங்களுக்கு அரைமணி நேரத்துக்கு விஷயம் இருக்கிறது.

எனவே துறைத் தலைவரிடம் போய், பொறுப்பை ஏற்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பணம் இருவர் கையெழுத்துக் கணக்கில் விழுமா? போன ஆண்டுக் கணக்கும் வவுச்சர் ஃபைலும் கையெழுத்தோடு ஒப்படைக்கப்படுமா? ஒரு பேராசிரியர் மாதம் ஒருமுறை, ரொக்க ஏட்டையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரா? சரி என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விலகும்போது வங்கியில் கையெழுத்து மாற்றும் கடிதத்தின் நகலை வாங்கி வைக்க மறக்காதீர்கள், அதுவரை பொறுப்பு உங்கள் பெயரில்தான் இருக்கும். 'அதெல்லாம் எதுக்குப்பா, உன் ஜிபே நம்பரைக் குடு' என்று பதில் வந்தால், அப்பா சொன்னபடி செயலாளராகவே இருந்துவிடுங்கள்.