பழைய டிரான்ஸ்மிஷனைக் கைவிட்டுவிடாதீர்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வசிக்கிறோம். இரண்டரை வருடத்துக்கு முன் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றைப் புதிதாக வாங்கினோம். 34,000 மைல் ஓடியிருக்கிறது. டிரான்ஸ்மிஷனுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல் வாரண்டி உண்டு. இந்த ஏப்ரலில் ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கினோம். வண்டி 5,000 பவுண்டு இழுக்கும் என்று விற்பனையாளர் அடித்துச் சொல்லியிருந்தார். டிரெய்லர் 3,900 பவுண்டுதான். ஜூலையில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆறு பேராக சான் டியேகோவுக்குக் கிளம்பினோம். பேக்கர்ஸ்ஃபீல்டைத் தாண்டி கிரேப்வைன் ஏற்றத்தில் டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. சற்று நேரத்தில் எந்த கியரும் பிடிக்காமல் வண்டி நின்றுவிட்டது. சர்க்கரை நோயாளியான அப்பா சாலையோரத்தில் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். டீலரோ, "ஓவர்லோடு, வாரண்டி கிடையாது, மாற்ற 9,400 டாலர்" என்கிறார். பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் சேர்த்துக் கையெழுத்து கேட்கிறார். லெமன் சட்டப்படி (சரிசெய்ய முடியாத வண்டியைத் தயாரிப்பாளர் திரும்ப எடுக்கவைக்கும் சட்டம்) வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா? மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கிடைக்குமா?
(பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதை மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். சர்வீஸ் அட்வைசர் பேசிய தொனி, முன்பதிவுப் பணம் போனது, அப்பா பட்ட பாடு எல்லாவற்றையும் படித்தேன். நீதிமன்றம் அதில் எதையும் படிக்காது. மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன நவம்பரில் 40 மைல் வேகத்தில் வண்டி உதறுகிறது என்று காட்டினோம், ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்." உங்கள் வழக்கே அந்த வரிதான். அன்று டீலர் எழுதிக் கொடுத்த ரிப்பேர் ஆர்டரின் (புகாரும் பார்த்த வேலையும் பதிவாகும் சீட்டு) பிரதியை இன்றே தேடி எடுங்கள்.

ஏன் என்கிறேன். கலிபோர்னியாவின் சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டத்தில் (நீங்கள் லெமன் சட்டம் என்பது இதைத்தான்), சிவில் சட்டம் 1794.3-ஆம் பிரிவு, அனுமதிக்கப்படாத அல்லது முறையற்ற பயன்பாட்டால் வந்த பழுதுக்கு நிவாரணம் கிடையாது என்கிறது. டீலர் "ஓவர்லோடு" என்று சொல்வதன் சட்டப் பெயர் இதுதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஜூரிக்குப் படிக்கப்படும் 3221-ஆம் எண் அறிவுரையே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் அதிக எடை ஏற்றினீர்கள் என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால்தான் பழுது வந்தது என்றும் காட்ட வேண்டும். டிரெய்லர் வாங்கியது ஏப்ரலில். உதறல் என்று நீங்கள் டீலரிடம் காட்டியது அதற்கு முந்தைய நவம்பரில். பிறக்காத பிள்ளை மேல் பழி போட முடியாது, இல்லையா?

மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மன உளைச்சலுக்கு இந்தச் சட்டத்தில் பணம் கிடையாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. விற்பனையாளர் வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள், அவர் சொன்ன எண் கையேட்டிலும் இருக்கும், அதன் கீழே நிபந்தனைகளும் இருக்கும். வண்டியைத் திரும்பக் கொடுப்பதைப் பொறுத்தவரை, 18 மாதம், 18,000 மைல் தாண்டினால் லெமன் சட்டமே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த எல்லைக்குள் வந்தால், பழுதுபார்க்கப் போதிய வாய்ப்பு கொடுத்துவிட்டீர்கள் என்று ஒரு சாதகமான அனுமானம் கிடைக்கும், அவ்வளவுதான். உங்களுக்குத் தடை வேறு: நியாயமான எண்ணிக்கையில் பழுதுபார்க்க வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். நவம்பரில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. இதை வைத்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கேட்பது இழுபறி. டிரான்ஸ்மிஷன் செலவு, டோ டிரக், வாடகைக் கார் ஆகியவற்றைக் கேட்பதுதான் கைக்கு எட்டுகிற விஷயம். ரசீதுகளை வைத்திருங்கள்.

சரி, இனி எடைக் கணக்கு. இதில் நீங்கள் நினைப்பதைவிட பலவீனமாக இருக்கிறீர்கள். 3,900 என்பது தொழிற்சாலையில் வெறுமையாக நிறுத்தியபோது உள்ள எடை. அதன்மேல் தண்ணீர் (ஒரு காலன் 8.3 பவுண்டு, 30 காலன் நிரப்பினால் 250), பேட்டரி, சமையல் சாமான், துணிமணி, நாற்காலி எல்லாம் ஏறினால் 4,700 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 5,000-க்குள்தானே என்பீர்கள். கார்க் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். இந்த வகை வண்டியில் 1,300-ஐ ஒட்டி இருப்பது சகஜம். டிரெய்லரின் முன்பாரம் ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் இறங்குகிறதே, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆறு பேர் 760 பவுண்டு, முன்பாரம் 590, பின்னால் பெட்டிகள் 100. கூட்டினால் 1,450. வண்டி இழுக்கலாம் என்ற எண்ணுக்குள் இருந்துகொண்டே, சுமக்கலாம் என்ற எண்ணைத் தாண்டிவிட்டீர்கள். ஹிட்ச்சுக்கு என்று தனி வரம்பு இருக்கும், பல வண்டிகளில் 500 பவுண்டுதான். இழுவை பேக்கேஜ் இல்லாத மாடலுக்கு 5,000 என்ற எண்ணே பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல நிறுவனங்கள் இழுவை எண்ணை எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுத் தரப்படி கணக்கிடுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில், 100 டிகிரி வெயிலில், ஏசி முழுவதும் ஓட, 11 மைலுக்கு மேல் இழுத்துக் காட்ட வேண்டும். ஆக, கிரேப்வைனில் வெயிலும் ஏற்றமும் இருந்தன என்பது அவர்களுக்கும் சாக்கு ஆகாது. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு. எதிர்த்தரப்பு நிபுணர் இந்த வரியைத்தான் முதலில் எடுப்பார்.

அதனால் டிரெய்லரில் ஏற்றியதை இன்னும் இறக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் நிறுத்தினால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் நான் எழுதியதைப் படித்த வேகத்தில் ஓடாதீர்கள். அந்தச் சீட்டு உங்களுக்கு எதிராகவும் போகலாம். வக்கீல் வைக்கப் போகிறீர்கள் என்றால் அவர் மூலம் எடை போடுங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் (வக்கீல் இல்லாமல் நாமே வாதாடும் சிறு தொகை நீதிமன்றம்) போதும் என்றால் நீங்களே போடலாம், ஆனால் வந்த எண்ணை மறைத்துவிட்டு நீதிபதி முன் 3,900 என்று சொல்லக் கூடாது.

இனிதான் முக்கியம். என்னிடம் வந்து கைவிட்டுப்போன வாரண்டி வழக்குகள் அதிகமும் சட்டத்தில் தோற்கவில்லை, சர்வீஸ் சென்டரில் தோற்றன. நடப்பது இதுதான். வண்டி டீலரிடம் நிற்கிறது, நாள் வாடகை ஏறுகிறது, குடும்பம் வெளியூரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள், பிரிப்பதற்கும் மாற்றுவதற்கும் சேர்த்து ஒரே கையெழுத்து. போடுகிறோம். பிரிக்கிறார்கள், எரிந்த கிளட்ச் தட்டுகளை இரண்டு போட்டோ எடுக்கிறார்கள், "அதிக வெப்பம்" என்று எழுதுகிறார்கள். மாற்றாக வரும் டிரான்ஸ்மிஷனுக்குப் பதிலாகப் பழையதைத் திருப்பி அனுப்புவது வழக்கம். ஒரு வாரத்தில் அது வேறு மாநிலத்தில் வேறு யாருக்கோ புதுப்பிக்கப்படுகிறது. அப்புறம் நான் எந்த நிபுணரைக் கூட்டி வந்தாலும் அவர் பார்ப்பதற்கு அந்த இரண்டு போட்டோக்கள்தான்.

வெப்பத்தால் கிளட்ச் எரிந்தது என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஏன் சூடானது என்பதுதான் கேள்வி. பாரத்தாலா, அல்லது டார்க் கன்வர்ட்டரோ (இன்ஜின் விசையை டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் பாகம்) வால்வ் பாடியோ (ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) முன்பே கெட்டு, அழுத்தம் சரியாக வராமல் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்ததாலா? நவம்பர் உதறல் இரண்டாவதைத்தான் காட்டுகிறது. பழைய டிரான்ஸ்மிஷன் கையில் இல்லாவிட்டால் அந்தப் பாதியை நிரூபிக்க வழியில்லை.

ஆகவே கையெழுத்து போடுவதற்கு முன் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: டிரான்ஸ்மிஷன், அதன் ஆயில், ஃபில்டர், கட்டுப்பாட்டு மாட்யூலில் உள்ள பதிவுகள் எதையும் என் ஒப்புதல் இல்லாமல் மாற்றவோ அழிக்கவோ அனுப்பவோ கூடாது, பிரிக்கும்போது என் தரப்பு மெக்கானிக் உடனிருப்பார் என்று. பிழைக் குறியீடுகளையும் அந்த நேரத்து வேகம், வெப்ப விவரங்களையும் ஸ்கேன் எடுத்து அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் புதுப்பித்தால் அவை அழிந்துவிடலாம். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமை கலிபோர்னியாவில் உண்டு. ஆனால் வேலை ஆர்டர் எழுதும்போதே கேட்க வேண்டும், பெரிய பாகங்களுக்கும் வாரண்டியில் திரும்ப அனுப்ப வேண்டியவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் பெரிய பாகம் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் சட்டத்தை மட்டும் நம்பாமல், பழையதை வைத்துக்கொள்ள ஆகும் கட்டணத்தைக் கட்டியாவது வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு மட்டும் தனி எஸ்டிமேட் கேளுங்கள். மாற்ற வேண்டாம் என்றால் திரும்பப் பூட்டித் தரும் செலவும் அதில் எழுதப்பட வேண்டும்.

வாயால் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. "65-ல்தான் போனேன்" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு கலிபோர்னியாவில் உச்ச வேகம் 55. இதை சர்வீஸ் அட்வைசரிடமும் சொன்னீர்களா தெரியவில்லை. சொல்லியிருந்தால் அது ரிப்பேர் ஆர்டரில் ஏறியிருக்கும். இனி கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் எழுத்தில். வாட்ஸ்அப் குழுவில் "ஃபுல் லோடு, யானை மாதிரி இழுக்குது!" என்று போட்ட வீடியோவை இப்போது அழிக்காதீர்கள். வீடியோவைவிட அதை அழித்தீர்கள் என்பது உங்களை அதிகம் காயப்படுத்தும். புதிதாக எதுவும் போடாமல் இருந்தால் போதும். டீலரிடம் பேசுவதை ரகசியமாகப் பதிவுசெய்யவும் வேண்டாம். இந்த மாநிலத்தில் இரு தரப்பும் சம்மதிக்காமல் அந்தரங்கப் பேச்சைப் பதிவுசெய்வது குற்றம்.

இப்போது என் கருத்து. நவம்பர் ரிப்பேர் ஆர்டரில் "உதறல்" என்ற புகார் உங்கள் வார்த்தையிலேயே பதிவாகி, டிரான்ஸ்மிஷனும் பத்திரமாக இருந்தால் சண்டை போடலாம். ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டும் என்பதால் நல்ல வக்கீல் கிடைப்பார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சமரசத்துக்குப் போங்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நவம்பர் புகாரையும் எண்களையும் வைத்து, கோபமில்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை ஏற்பார்கள் என்றால், எடைக் கணக்கு உங்கள் பக்கம் இல்லாத நிலையில், அது நல்ல பேரம். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்கும். ஆனால் வழக்குப் போட்டவர் தோற்றால் மேல்முறையீடு கிடையாது. ஒரே ஒரு வாய்ப்புதான்.

சமரசம் என்று வந்தால் ஒரு விடுவிப்புப் பத்திரம் வரும். அதில் சிவில் சட்டம் 1542-ஆம் பிரிவைக் கைவிடுகிறேன் என்று ஒரு பத்தி இருக்கும். இன்று தெரியாத கோரிக்கைகளையும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாக அதற்குப் பொருள். அதை அப்படியே விட்டால், மாற்றிய டிரான்ஸ்மிஷன் அடுத்த வருடம் போனாலும் இந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள். "புதிதாகப் பொருத்திய டிரான்ஸ்மிஷனுக்கும் அதன் வாரண்டிக்கும் இது பொருந்தாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தகராறில்லாமல் சேர்ப்பார்கள். அது எழுத்தில் வரும்வரை, "முழுத் தீர்வு" என்று எழுதிய காசோலை தபாலில் வந்தாலும் வங்கியில் போடாதீர்கள்.