வீட்டில் கிட்டார் பதிவு: ஆம்ப் பிளக்இன் சந்தேகங்களுக்குப் பதில்கள்

ஆம்ப் வாங்காமல், கிட்டாரை இன்டர்ஃபேஸில் (கணினிக்குள் ஒலியைக் கொண்டுபோகும் பெட்டி) சொருகி, கணினிக்குள்ளேயே ஆம்ப் பிளக்இன் (ஆம்ப் மாதிரி ஒலிக்கும் மென்பொருள்) போட்டுப் பதிவு செய்பவர்களின் கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே போகிறேன். எந்த கிட்டார் வாங்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் கடை இல்லை.

கோவையிலிருந்து: இலவச பிளக்இன் ஒன்று போட்டேன். போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி மந்தமாகக் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. உங்கள் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினீர்களா? சாதாரண கிட்டார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) எதிரே ஒரு மெகா ஓம் அளவு மின்தடை இருக்க வேண்டும். பொத்தானை அமுக்காவிட்டால் அது லைன் இன்புட், அதில் பத்தாயிரம் ஓம் பக்கம்தான் இருக்கும். அந்தச் சுமையில் பிக்கப்பின் மேல் சுருதிகள் எல்லாம் அமுங்கிவிடும். நானே ஆறு மாதம் அந்தப் பொத்தானைப் பார்க்காமல், பிளக்இன்னைத் திட்டிக்கொண்டு, மூன்று பாட்டு பதிவு செய்திருக்கிறேன். இன்றைக்கும் அவற்றை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. எனவே முதலில் பொத்தான், அப்புறம் மற்றதெல்லாம்.

மதுரை: என் பிரச்சினை நேர்மாறு. டிஸ்டார்ஷன் போட்டால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். நியூரல் ஆம்ப் மாடலர் பயன்படுத்துகிறேன்.

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி இல்லை. 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே அதன் சத்தம் செங்குத்தாக விழுந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பில் பெரும்பங்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. அதாவது ஸ்பீக்கரே ஒரு வடிகட்டி. அதை எடுத்துவிட்டு ஆம்ப்பை மட்டும் கேட்டால் உங்கள் அப்பளம்தான்.

நியூரல் ஆம்ப் மாடலர் ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். உண்மையான ஆம்ப்பின் ஒலியைப் பிடித்து வைத்த கோப்புகளை அதில் போடுவோம். அவற்றில் இரண்டு வகை உண்டு. சிலர் ஆம்ப்பை மட்டும் பிடித்திருப்பார்கள். சிலர் ஆம்ப், ஸ்பீக்கர், மைக் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். உங்களுடையது அநேகமாக முதல் வகை. அதோடு கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டி) ஐஆர் கோப்பு, அதாவது ஸ்பீக்கரும் மைக்கும் ஒலிக்கும் விதத்தைப் பிடித்த கோப்பு, ஒன்றை ஏற்றுங்கள். இரண்டாவது வகையில் ஐஆரும் ஏற்றினால் இரண்டு ஸ்பீக்கர் ஒன்றன் மேல் ஒன்றாக ஆகி, கோவைக்காரரின் போர்வை வந்துவிடும். கோப்பின் விவரத்தைப் படிக்காமல் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. டோன் பிடிக்கவில்லை என்றால் ஆம்ப்பை மாற்றுவதற்கு முன் ஐஆரை மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடுவில் எஸ்எம்57 மைக்கை வைத்துப் பிடித்தால் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர்த்தினால் அடங்கும். இரண்டு மூன்று அங்குலத்தில் ஆளே மாறிவிடும். ஆனால் ஆயிரம் ஐஆர் இறக்கி வைக்காதீர்கள். நான் நான்குதான் வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம்: கம்பியை மீட்டினால் சத்தம் தாமதமாக வருகிறது. கணினி பழையதா?

பழையதாக இருக்கலாம், ஆனால் முதலில் பஃபரைப் பாருங்கள், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துண்டு அது. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை, அதற்கு மேல் டிரைவரின் பங்கு கொஞ்சம். மொத்தம் பத்துக்குள் அடங்கினால் போதும். பத்து மில்லிசெகண்டில் ஒலி சுமார் 3.4 மீட்டர் போகும். மேடையில் ஆம்ப்பிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நின்று வாசிக்கவில்லையா? விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் வகை) போடுங்கள். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

திருச்சி: அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த ஆம்ப் பிளக்இன் நல்லது?

எதுவும் வேண்டாம். மைக் வையுங்கள்.

சேலம்: அண்ணா, இன்புட் கெயின் எவ்வளவு வைக்க வேண்டும்? உச்சம் -6 டிபி (டெசிபெல்) வரை வர வேண்டும் என்று ரெக்கார்டிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

குரலுக்கு அது சரி தம்பி. குரல் பதிவில் லெவல் என்பது வெறும் சத்த அளவு, பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆம்ப் பிளக்இன்னில் உள்ளே போகும் லெவல்தான் டிஸ்டார்ஷனையே தீர்மானிக்கிறது. என்ன செய்யலாம் என்றால், இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். ஓங்கி அடித்தாலும் சிவப்பு எரியவில்லையா, அப்படியே விடுங்கள்.

சேலம் மறுபடி: அப்படி வைத்தால் -18 தாண்டவில்லை. இவ்வளவு சின்னதாகப் பதிந்தால் இரைச்சல் கூடாதா? வகுப்பில் சொன்னது தப்பா?

தப்பு என்று நான் சொல்லவில்லை. 24 பிட் பதிவில் மிகச் சின்னச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் கணக்குப்படி 144 டிபி இடம் இருக்கிறது. உங்கள் பிக்கப்பின் இரைச்சலே அதன் அடித்தளத்தைவிடப் பல மடங்கு பெரியது. 16 பிட் காலத்துப் பயம் அது.

நேற்று ராத்திரி நானே ஒரு தடவை செய்து பார்த்தேன். ஒரே ஈ மேஜர், ஒரே கிளீன் ஆம்ப். கெயின் கீழே இருக்கும்போது மணி மாதிரி ஒலித்தது. 15 டிபி ஏற்றியதும் அதே ஆம்ப் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்தது. பிளக்இன்னில் ஒரு குமிழையும் தொடவில்லை. இதைத்தான் பலர் 'இந்த பிளக்இன்னில் கிளீன் டோன் நன்றாக இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

சேலம்: பிளக்இன்னின் இன்புட் குமிழில் 15 டிபி குறைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதானே அண்ணா?

ஒன்றேதான். சிவப்பு எரியாதவரை நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை டிபி ஏற்றினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பல இன்டர்ஃபேஸ்களில் குமிழைச் சுற்றி எண்ணே கிடையாது. கீழே வைத்தால் அந்த ஒரு இடமாவது நிச்சயம். கையேட்டில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டின் உச்ச அளவை டிபியு (மின்னழுத்தத்தைச் சொல்லும் டெசிபெல் அளவு) கணக்கில் போட்டிருப்பார்கள். ஒன்றில் +12, இன்னொன்றில் +18 என்றால், ஒரே கிட்டாருக்கு ஆம்ப்புக்குள் போகும் லெவல் 6 டிபி, அதாவது மின்னழுத்தத்தில் இரண்டு மடங்கு மாறும். நண்பரின் ப்ரீசெட் (சேமித்து வைத்த குமிழ் அமைப்பு) உங்களிடம் வேறு மாதிரி கேட்பது இதனால்தான்.

நடுவில் பெங்களூரு: நான் வாங்கிய பிளக்இன்னின் கையேடே 'மீட்டர் மேலே வரும்வரை ஏற்று' என்கிறது. நீங்கள் பெரியவரா, கையேடு பெரியதா?

கையேடு. அவர்கள் அந்த லெவலை நினைத்துச் செய்திருக்கிறார்கள், அதற்கு அப்படியே வையுங்கள். கையேடு ஒன்றும் சொல்லாதபோதுதான் என் வழி. இந்தக் கெயின் பஞ்சாயத்து இதோடு முடிந்தது, இன்னும் ஏழு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்.

டொரன்டோ: தனியாகக் கேட்டால் பிரமாதமான டோன். டிரம்ஸ், பேஸ் சேர்ந்ததும் காணாமல் போகிறது.

பிளக்இன்னின் கெயினைப் பாதியாக்குங்கள். தனியாகக் கேட்கும்போது ஒல்லியாகத் தெரியும், தெரியட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது பேஸ்காரர் இடம். ஹெவி ரிதம் என்றால் ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் மேலே. கனத்த கீழ்ச் சத்தம் குறைந்து பிடிப்பு வரும். அப்புறம் அதே ரிதத்தை இரண்டாம் முறை வாசித்து, ஒன்றை இடது பக்கம், மற்றதை வலது பக்கம் தள்ளுங்கள். முதல் ட்ராக்கை நகல் எடுத்து ஒட்டினால் அகலம் வராது. இரண்டும் ஒன்றே என்பதால் நடுவில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கூடும். இரண்டு கைப்பதிவுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்னப் பிசகுதான் அந்த அகலம்.

நெல்லை: சத்தம் தாமதமாக வருகிறது.

யாழ்ப்பாணத்துக்குச் சொன்ன பதில்.

சென்னை: என்ன இருந்தாலும் வால்வு ஆம்ப்புக்கு ஈடாகுமா?

அறையில் நின்று உடம்பில் உணர்வதற்கு ஈடாகாது. பதிவில் நாம் கேட்பது எப்போதுமே மைக் பிடித்த ஆம்ப்தான், அங்கே இடைவெளி மிகவும் குறைந்துவிட்டது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற ஆம்ப் நகல் கருவி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓடுகிறது. அடுக்குமாடியில் 50 வாட் ஆம்ப்பை ராத்திரி பத்து மணிக்குத் திறந்து பாருங்கள், பதிலைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார்.

தாம்பரம்: ஹெட்போனில் கிளீன் சத்தமும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து, முன்னும் பின்னுமாகக் கேட்கிறது. தாமதமா?

இது வேறு. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரை அணையுங்கள், பிளக்இன்னுக்குப் போகாத கிட்டார் சத்தத்தை நேரே ஹெட்போனுக்கு அனுப்புவது அதுதான். பொத்தானையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஹை-இசட்.

தூத்துக்குடி: மீட்டாமல் இருந்தால் 'உம்ம்' என்று இரைகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது. ஒரு சில நேரம் விரலில் சுரீர் என்கிறது.

தொட்டால் குறைவது இயல்பு, கம்பி கிட்டாரின் கிரவுண்டோடு இணைந்திருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப்பில் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கேட்கத்தான் செய்யும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், கொஞ்சம் அடங்கலாம். ஆனால் சுரீர் என்பது இயல்பில்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் உடனே எடுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள்.