மூன்று கணக்கு, ஒரு அம்மா

கேள்வி: 72 வயதான என் அம்மா தனியே ரொறன்ரோவுக்குத் தம்பி வீட்டுக்குப் போகிறார். தூரம் 14,000 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் பறந்தால் பதினைந்தரை மணித்தியாலம். டிக்கெட்டில் ஜூலை மாதம் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் பகல் 11.30க்குச் சேர்வதாக இருக்கிறது. அது பதின்மூன்றரை. டுபாயில் மாறிப் போக 23 மணித்தியாலம் என்கிறார் பயண முகவர். ஏமாற்றுகிறாரா? இரண்டு இடத்தில் மாறினால் விலை குறைவு. போகிற ஊர் ஒன்றுதானே, அதையே எடுக்கலாமா?
- வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: முகவர் சொன்னதுதான் சரி. உங்கள் இரண்டு கணக்கும் பிழை.

14,000 என்பது உலக உருண்டையில் இரு ஊருக்கும் இடையே நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலால் போகிறது. அப்படிப் பறக்கக் கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. டுபாய் வரை ஏறக்குறைய 3,300, அங்கிருந்து ரொறன்ரோ 11,100. கூடுவது 400 கிலோமீற்றர்தான். ஆனால் முதல் பறப்பு நாலரை மணித்தியாலம், அடுத்தது பதினான்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் 900 வேகத்தில் நடப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றும் போகும்போது எதிர்க்கும். (திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும், நேரம் குறையும்.) டுபாயில் நாலரை மணித்தியாலம் காத்திருந்தால் மொத்தம் 23.

டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். அம்மா ரொறன்ரோவில் இறங்கும்போது வெள்ளவத்தையில் இரவு 9 மணி. கோடையில் அங்கே நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நவம்பரில் மணிக்கூட்டை மாற்றினால் பத்தரை.

சரி, கணக்கு தெரியாதது குற்றமில்லை. "போகிற ஊர் ஒன்றுதானே" என்று கேட்டீர்களே, அதுதான் எனக்கு மனத்தாங்கல். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே போக வேண்டும், ரொறன்ரோவில் குடிவரவு வரிசை இருக்கிறது. 23 என்பதே வாசலிலிருந்து வாசலுக்கு 28 ஆகிவிடும். அதற்குள் இன்னொரு விமான நிலையம், இன்னொரு பாதுகாப்புச் சோதனை, நடுச்சாமத்தில் இன்னொரு வாயிலைத் தேடி நடை. தனியே போகிறவர் உங்கள் அம்மா, நீங்கள் இல்லை. மலிவு டிக்கெட் சிலவேளை இரண்டு தனித்தனி டிக்கெட்டாக இருக்கும். அப்போது இடையில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் புதிதாகக் காசு கட்டவும் நேரலாம்.

ஒரே டிக்கெட்டில், ஒரே இடத்தில் மாறுவதாக எடுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று குறைந்தது இரண்டு நாள் முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். குளிசைகளும், இன்சுலின் போடுகிறவர் என்றால் அதுவும், மருத்துவர் எழுதிய மருந்துத் துண்டோடு கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வேண்டாம். பகலும் இரவும் மாறுவதால் எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பதினான்கு மணித்தியாலப் பறப்பில் இடைக்கிடை எழுந்து நடக்கவும் கால்களை ஆட்டவும் சொல்லுங்கள். தம்பியின் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.