பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மாவுக்கு 42 வயதில் மார்புப் புற்றுநோய் வந்ததையும் பெரியம்மா சூலகப் புற்றுநோயால் காலமானதையும் அறிந்த உங்கள் குடும்ப வைத்தியர், மரபணு ஆலோசனைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். காப்புறுதி கிடைக்காமற் போகுமோ, ஊரிலிருக்கும் தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்புமோ என்று நீங்கள் தயங்குகிறீர்கள். போங்கள் என்பதே என் பதில். ஆலோசனைக்குப் போனால் இரத்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. தகுதி வரையறைக்குள் வருபவர்களுக்குப் பரிசோதனைச் செலவை ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கிறது.

காப்புறுதி பற்றிய பயம் இங்கே பெருமளவு தேவையற்றது. மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று 2017இல் கனடா சட்டம் இயற்றியது. அது செல்லுபடியாகும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் ஆயுள் காப்புறுதிப் படிவத்தில் குடும்பத்தாரின் நோய்களைக் கேட்பார்கள். பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்கு உண்மையைத்தான் எழுதவேண்டும்.

போவதற்கு முன் குடும்ப விபரங்களைத் திரட்டுங்கள். நான் போனபோது ஆலோசகர் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் இட்டு மூன்று தலைமுறையை வரைந்தார். என் அப்பா வழியில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது. 'வயிற்றிலே கட்டி' என்று மட்டும் வீட்டில் சொல்லப்பட்ட மாமியின் நோய் சூலகப் புற்றுநோய் என்பது, பருத்தித்துறையிலிருந்து சித்தி படம் பிடித்து அனுப்பிய பழைய வைத்தியசாலைத் துண்டைப் பார்த்த பிறகே தெரிந்தது. புற்றுநோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும். ஆகவே உங்கள் அம்மாவின் தெல்லிப்பளை வைத்தியசாலை அறிக்கைகளை, குறிப்பாகத் திசுப் பரிசோதனை முடிவை, இப்போதே கேட்டு வாங்குங்கள். முடியுமானால் நோய் கண்ட அம்மாவை முதலில் சோதிப்பதே சிறந்தது. அவரிடம் காரணமான மாற்றம் கண்டறியப்படாத நிலையில் உங்களுக்கு 'இல்லை' என்று வரும் முடிவு முழு ஆறுதலைத் தராது.

அம்மாவிடம் மாற்றம் இருந்தால் அது உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிஆர்சிஏ1 (BRCA1) என்ற மரபணுவில் இத்தகைய மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 வீதம், சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 44 வீதம். இது கலங்கவைக்கும் செய்திதான். ஆனாலும் அதை அறிந்தவருக்கு ஒன்ராறியோவில் 30 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும் மமோகிராமும் செய்கிறார்கள். சூலகத்துக்கு அப்படி நம்பத்தகுந்த கண்காணிப்பு இல்லை என்பதால், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35க்கும் 40க்கும் இடையில் சூலகங்களையும் சூலகக் குழாய்களையும் அகற்றுவது பற்றிப் பேசுவார்கள்.

'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்ற முடிவும் வரலாம். தெற்காசியரின் மரபணுத் தரவுகள் குறைவாக இருப்பதால் நம்மவர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது. அதை மட்டும் வைத்து எந்தச் சத்திரசிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள். அறிக்கையின் பிரதியை வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்து அதன் விளக்கம் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

தங்கச்சியின் கலியாணத்தைப் பொறுத்தவரை, முடிவை ஊருக்கெல்லாம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் தங்கச்சிக்கு மறைக்காதீர்கள். அவருடைய உடம்பைப் பற்றிய செய்தியும் அதில் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா