மாதம் ஒரு நீல பம்ப் தீர்கிறதா? கத்தரிக்காயை விடுங்கள், அதைப் பேசுவோம்

கேள்வி: எனக்கு 38 வயது. வாலாஜாபேட்டை பக்கம் வீடு, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய், கொய்யா, ஐஸ் எல்லாம் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. மகன் காட்டிய வீடியோவைப் பார்த்து தினமும் கபாலபாதியும் மூச்சை அடக்கும் பயிற்சியும் செய்கிறேன். நீல பம்ப் (இன்ஹேலர்) மட்டும்தான் அடிக்கிறேன், மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது, முன்பு போல் கேட்பதும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்னொரு பம்ப் ஸ்டீராய்டு என்று சொன்னதால் வாங்கவில்லை. பம்ப் பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்கள். என் சித்தி இழுப்பிலேயே ஒரு ராத்திரியில் போய்விட்டார். சாப்பாட்டாலும் மூச்சுப் பயிற்சியாலும் இதைச் சரிப்படுத்த வேறு என்ன செய்யலாம்?

பதில்:

நீங்கள் கேட்டிருப்பது சாப்பாட்டைப் பற்றி. ஆனால் எழுத வைத்தது சித்தியின் சாவு என்று நினைக்கிறேன். அதனால் அதையே முதலில் பேசலாம், கத்தரிக்காய் எங்கேயும் ஓடிவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரே ஒரு வரி, நீங்கள் செலவுக் கணக்கு மாதிரி போகிற போக்கில் எழுதியது: மாதம் ஒரு நீல பம்ப் தீர்கிறது. ஒரு பம்பில் 200 தடவை அழுத்தலாம். மாதத்தில் அது காலியாகிறது என்றால் நாளுக்கு ஆறேழு முறை அடிக்கிறீர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிற ஒருவருக்கு அந்த பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படக் கூடாது. வருடத்துக்கு மூன்று பம்ப் தீர்ந்தாலே பெரிய இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்பதுதான் உலக அளவில் ஆஸ்துமா மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நீல பம்ப் எத்தனை வாங்கினார்கள் என்ற விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, சாவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கு மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறீர்கள். பயம் தப்பான பம்பின் மேல் இருக்கிறது, அதை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்துமாவில் இரண்டு விஷயம் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி கோக்கிறது. நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் தசையை மட்டும் தளர்த்தும், நாலு மணி நேரம் போல நிற்கும். வீக்கத்தை அது தொடவே தொடாது. அஞ்சு நிமிஷத்தில் மூச்சு லேசாகிவிடுவதால் நோய் இறங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது, உள்ளே வீக்கம் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இதையே தினமும் அடித்தால் மருந்தின் பிடியும் தளர்ந்துபோகும், குழாய் இன்னும் சீண்டல் தாங்காததாக மாறும். "முன்பு போல் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். ஆக, பம்ப் பழகிவிடும் என்று சொன்னவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது பொருந்துவது நீங்கள் தினமும் அடிக்கிற பம்புக்கு. வாங்காமல் விட்டீர்களே, அதற்கு இல்லை.

அந்த ஸ்டீராய்டு பம்புதான் வீக்கத்தை வற்ற வைக்கிற மருந்து. அளவைப் பாருங்கள்: சாதாரணமாக ஒரு நாளைக்கு 200-லிருந்து 400 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கொடுக்கிற மாத்திரை 40 மில்லிகிராம், நூறு மடங்கு, அது உடம்பு முழுக்கச் சுற்றும். சின்ன அளவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசியில் பெரிய அளவை வாங்கிக்கொள்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. இதை விட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. பம்ப் வேண்டாம் என்று சொல்லும் அதே ஆள், மெடிக்கலில் "வீசிங்குக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று பொட்டலமாக வாங்கி முழுங்குவார். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டீராய்டுதான். பெயர் ஒட்டாத சூரணங்களிலும் அது கலந்து பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிற எந்தப் பொடியையும் சந்தேகப்படுங்கள்.

இந்த ஸ்டீராய்டு பம்ப், அதாவது தடுப்பு பம்ப், பழக்கமாகாது. தினமும் பல் தேய்க்கிறோம், அதற்கு அடிமை என்றா சொல்கிறோம்? அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும், குரல் கம்மும். பலன் தெரிய சில நாள், சில பேருக்குச் சில வாரம்கூட ஆகும், "அடிச்சேன், ஒண்ணும் தெரியல" என்று மூன்றாம் நாளே நிறுத்தக் கூடாது. 2019-லிருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலே மாறிவிட்டது: பெரியவர்கள் யாருக்கும் நீல பம்ப் மட்டும் தனியாக வேண்டாம், கூடவே ஸ்டீராய்டு இருந்தே ஆக வேண்டும். வீக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் சேர்த்து ஒரே பம்பாகவும் வருகிறது, உங்களுக்கு அது சரியா என்பதை மார்புநோய் மருத்துவர் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிட்டுச் சொல்வார். செலவு யோசனை என்றால் வாலாஜா அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், இல்லாவிட்டால் வேலூர் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. இந்த வாரமே போங்கள். பொங்கல் கழித்து, திருவிழா கழித்து என்று வேண்டாம். அதுவரைக்கும் நீல பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இழுக்கும்போது அது வேண்டும்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்துமாவில் சாகிறவர்கள் எல்லாரும் முற்றிய நோயாளிகள் இல்லை, லேசான வீசிங் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஆனால் திடுதிப்பென்று நடக்கிற மாதிரி தெரிகிற பெரும்பாலான சாவுக்கு முன்னால் சில நாட்களாவது அறிகுறி ஓடியிருக்கும்: ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும் இருமல், பம்ப் அடித்தும் நாலு மணி நேரம் தாங்காமல் மறுபடி தேடுவது. இந்த இரண்டாவதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். அடித்த பம்ப் நாலு மணி நேரம் தாங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், விடியட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அல்லது இதுவரை கேட்ட விசில் சத்தம் நின்றுபோய் மூச்சு மட்டும் இன்னும் திணறுகிறது என்றால் உடனே 108. சத்தம் நின்றதும் "பரவாயில்ல, அடங்கிடுச்சு" என்று வீட்டில் எல்லாரும் படுக்கப் போவதுதான் மிக மோசம், காற்றே உள்ளே போகாததால் சத்தம் இல்லாமல் போயிருக்கும். வண்டி வரும் வரை நிமிர்ந்து உட்காருங்கள், படுக்க வேண்டாம். நீல பம்பில் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து மூச்சோடு இழுக்க விடும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி ஓர் அழுத்து, நாலு மூச்சு, இப்படி நாலு தடவை. நாலு நிமிஷம் பொறுத்து மறுபடி நாலு. ஸ்பேசர் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும் பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் அதையும் எழுதி வாங்குங்கள். இதை மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள், வீடியோ பார்க்கிற ஆர்வம் இதிலும் இருக்கட்டும்.

இனி மூச்சுப் பயிற்சி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததை விட அதிக நேரம் எடுத்து வெளியே விடுவது நல்ல பழக்கம், பதற்றத்தில் படபடவென்று மூச்சு விடுகிறவர்களுக்கு நிஜமாகவே உதவும், சிலருக்கு அன்றாட வாழ்க்கை கொஞ்சம் லேசாகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. உள்சுவர் வீக்கத்தை அது குறைக்காது, மருந்தோடு சேர்த்துச் செய்யலாம், மருந்துக்குப் பதிலாக இல்லை. கபாலபாதி உங்களுக்கு இப்போது வேண்டாம். வேகவேகமாகக் காற்றைத் தள்ளினால் குழாய் காய்ந்து, சீண்டப்பட்டு, சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பும். இழுப்பு இருக்கும்போது மூச்சை அடக்குவது சுத்தமாகக் கூடாது, அந்த வீடியோவில் சொன்னவர் உங்கள் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்க்கவில்லை. ஆவி பிடிப்பதும் ஆஸ்துமாவுக்குப் பயன்படாது, சுடுதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோனதுதான் மிச்சம் என்று வருகிறவர்கள் உண்டு.

சாப்பாடு. ஒரு வருடமாக இத்தனையும் நிறுத்தியும் மாதம் ஒரு பம்ப் தீர்கிறதே, பதில் அதிலேயே இருக்கிறது. தயிர் சளி கட்டாது. வாழைப்பழம், கொய்யா தாராளமாகச் சாப்பிடலாம், பழமும் காய்கறியும் குறைவதுதான் நுரையீரலுக்கு நல்லதில்லை. கத்தரிக்காயை இந்த ஊரில் நிறுத்துவதா? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம், தொட்டுக்கொள்ள அது இல்லாமல் ஆம்பூர் பிரியாணியை எப்படி இறக்குவது? ஒரு பொருளைச் சாப்பிட்டு சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், இழுப்பு என்று ஒவ்வொரு தடவையும் வந்தால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். ஜில் தண்ணீர் உங்களுக்கு இருமலைக் கிளப்பினால் தவிருங்கள், அது சளியாக மாறிவிடாது. தூதுவளை ரசம் வையுங்கள், நல்ல ரசம், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஆடாதோடையில் விஷயம் உண்டு, அதிலுள்ள வாசிசினிலிருந்து வந்ததுதான் இருமல் சிரப்புகளில் போடும் புரோம்ஹெக்சின், ஆனால் சளியை இளக்குவதோடு அதன் வேலை முடிந்தது. உயிர் மீனோடு முழுங்க வைக்கும் ஹைதராபாத் மீன் மருந்துக்கு ஜூன் மாதம் ரயில் ஏறுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், டிக்கெட் காசுக்கு ஒரு ஸ்பேசர் வாங்கலாம்.

சாப்பாட்டில் நிஜமாகவே செய்யக்கூடியது இரண்டு. எடை அதிகம் என்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே மூச்சில் வித்தியாசம் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்காதீர்கள், புளித்து மேலே வரும் அமிலம் ராத்திரி இருமலைத் தூண்டும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஷூ கம்பெனியில் எந்தப் பிரிவு? பசை ஒட்டும் இடமா, பினிஷிங் ஸ்ப்ரே அடிக்கும் இடமா? ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் லீவிலும் மூச்சு லேசாகி, திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் திரும்ப இறுகுகிறதா? அப்படியென்றால் நீங்கள் தேடும் காரணம் அடுப்படியில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. பசையிலும் தோல் பினிஷிங்கிலும் வரும் சில ரசாயனங்கள் ஆஸ்துமாவை உண்டாக்கவே செய்யும், இருப்பதைக் கூட்டவும் செய்யும். வேலையை விடச் சொல்லவில்லை, பிரிவு மாற்றிக் கேட்க டாக்டர் கடிதம் கொடுப்பார், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வீட்டில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, யாராவது பிடிக்கும் பீடி, இவற்றையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போகி அன்று காலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது தீர்ந்த பம்புகள், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டைகள், கண் சொட்டு மருந்து இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில வலி மாத்திரைகளும், கண் அழுத்தத்துக்கு விடும் சில சொட்டு மருந்துகளும் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை வரவழைக்கும், பெயரைக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது.