பிழியும்போது மட்டும் ஏன் இந்த உறுமல்?

கேள்வி: எங்கள் ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மட்டும் திம்பம் மலையேறும் லாரி மாதிரி உறுமுகிறது. புதுசே வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிசெய்ய முடியுமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்படாதீங்க அம்மிணி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று அரைபட்டால் டிரம்மைச் சுழலத் தாங்கும் பேரிங் போய்விட்டது. டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கும்போது அது மட்டும் தனியாக லொடலொடத்தாலும் அதேதான். பின்பக்க ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் இறங்கி, பேரிங் துருப்பிடித்திருக்கும். மெக்கானிக்கிடம் சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். செலவு மிச்சமென்று பேரிங்கை மட்டும் மாற்றினால் திரும்பவும் இதே கதைதான். சில மாடல்களில் டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித்தொட்டியான டப்பை ஒட்டியே மூடியிருப்பார்கள். முழு டப்பும் மாற்ற வேண்டிவரும். அப்போது வேண்டுமானால் புதுசை யோசிக்கலாம்.

டிரம் கரகரப்பில்லாமல் லேசாகச் சுற்றுகிறதா? அப்படியானால் தரையைப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் வீடுகளில் துவைக்கிற இடத்துத் தரையைத் தண்ணீர் ஓட வாட்டமாகத்தான் போடுவோம். அங்கே மெஷினின் நாலு காலும் ஒன்றுபோல ஊன்றாது. காலைத் திருகிச் சமமாக்கி, லாக் நட்டை இறுக்குங்கள். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடத்தால் பம்ப் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், சட்டைப்பைச் சில்லறை கிடக்கும்.