தரகர் வாயைப் பார்க்காதீர்கள், தகட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு ஊர் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை. பொள்ளாச்சித் தரகர் ஒருவர் மூலம் 1985ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 500 எஸ்.எல். கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவு. துபாயில் புதிதாக வாங்கி இங்கே கொண்டுவரப்பட்டதாம். ஸ்டியரிங் வலதுபுறம், நிறம் கறுப்பு. ரேடியேட்டருக்கு மேலே உள்ள சிறு தகட்டில் 568 என்ற எண்ணும், அதற்குக் கீழே 440, 470, 580, 623, 873 ஆகிய எண்களும் இருக்கின்றன. ‘எல்லாம் கம்பெனி கோடு, ஃபுல் ஆப்ஷன், ஏ.எம்.ஜி. வண்டி’ என்று சொல்லித் தரகர் விலையை ஏற்றுகிறார். சேசிஸ் எண் டபிள்யூ.டி.பி. 1070461 என்று தொடங்குகிறது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் 2001 மாடல் என்று வருகிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வாங்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் தகடு. 568 என்பது வண்ணத்தின் எண், பளிச்சென்ற சிவப்பு. ஆகவே ஆலையை விட்டுச் சிவப்பாகப் புறப்பட்ட கார் பிறகு கறுப்பாகியிருக்கிறது. அது குற்றமில்லை, ஆர்.சி.யில் கறுப்பு என்று பதிவாகியிருந்தால் போதும். 440 க்ரூஸ் கன்ட்ரோல். 470 ஏ.பி.எஸ். பிரேக். 580 ஏ.சி. 873 சீட்டைச் சூடாக்கும் ஹீட்டர். 623 என்றால் வளைகுடா நாடுகளுக்கென்று தயாரித்த கார். துபாய் வெயிலில் சீட் ஹீட்டர் கேட்டு வாங்கிய புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 623உம் 873உம் ஒரே தகட்டில் இருந்தால் தகட்டையே ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்பேன். வெற்றுத் தகட்டை வாங்கி எண் அடித்துப் பொருத்துவது பெரிய வித்தையில்லை.

‘ஃபுல் ஆப்ஷன்’ என்பது தரகர்களின் அகராதியில் மட்டுமே உள்ள சொல். ஆலையில் அப்படி ஒரு வகை கிடையாது. வாடிக்கையாளர் கேட்ட ஒவ்வொரு வசதிக்கும் தனி எண், தனி விலை. ஏ.எம்.ஜி. கதை இன்னும் மோசம். ஏ.எம்.ஜி. என்பது மெர்சிடிஸ் கார்களை வேகம் கூட்டி மாற்றித் தர 1967இல் தொடங்கிய தனி நிறுவனம். மெர்சிடிஸோடு முறையான ஒப்பந்தமே 1990இல்தான் ஏற்பட்டது. 1985ஆம் ஆண்டுக் காரின் தகட்டில் ‘ஏ.எம்.ஜி. கோடு’ இருக்க வழியில்லை. பின்னாளில் யாரோ ஒட்டிய பம்பரையும் எழுத்தையும் காட்டி உங்கள் பணத்தைக் கேட்கிறார்கள்.

இனி சேசிஸ் எண். 107046 என்றால் உண்மையிலேயே 500 எஸ்.எல். (380 எஸ்.எல். காருக்கு 107045. அதில் 500 என்று எழுத்து ஒட்டி விற்பவர்கள் உண்டு. உங்கள் தரகர் இந்த ஒன்றில் யோக்கியர்.) அடுத்து வரும் 1 என்ற எண்ணைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை, அல்லது அவர் கவனிக்க விடவில்லை. அந்த இடத்தில் 1 என்றால் ஸ்டியரிங் இடதுபுறம், 2 என்றால் வலதுபுறம். உங்கள் கார் இடதுபுற ஸ்டியரிங்கோடு பிறந்தது. 623உம் அதையே சொல்கிறது. வளைகுடாவில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆக, நடுவில் ஏதோ ஒரு பட்டறையில் ஸ்டியரிங்கை வலதுபுறம் மாற்றியிருக்கிறார்கள்.

இணையம் 2001 என்று சொல்வதும் இதே 1ஆல்தான். சேசிஸ் எண்ணின் பத்தாவது இடம் மாடல் ஆண்டு என்ற அமெரிக்க வழக்கத்தை அந்த இலவசத் தளங்கள் எல்லாக் காருக்கும் போட்டுப் பார்க்கின்றன. இந்த வகைக் காரின் உற்பத்தியே 1989இல் நின்றுவிட்டது. 2001 எங்கிருந்து வரும்? ஒரு விலக்கு உண்டு, அதில் குழம்பாதீர்கள். அமெரிக்காவுக்கென்று தயாரித்து அனுப்பிய கார்களில், 1981 மாடலிலிருந்து, டபிள்யூ.டி.பி.க்குப் பிறகு 107 என்று வராமல் எழுத்துகள் வரும். அவற்றில் பத்தாவது இடம் உண்மையாகவே ஆண்டுதான். எஃப் என்றால் 1985, ஜி என்றால் 1986. அந்தக் கார்களில் ஸ்டியரிங்கைக் காட்டும் எண்ணைத் தேட வேண்டாம், எல்லாமே இடதுபுறம்தான். உங்களுடையதில் 107 என்று எண்ணாகவே இருப்பதால் இந்த விலக்கு பொருந்தாது. ஆண்டு தெரிய வேண்டுமென்றால் காரோடு வரும் டேட்டா கார்டை, அதாவது ஆலை தரும் விவர அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். பெடல், பிரேக் பூஸ்டர், டேஷ்போர்டு எல்லாம் இடம் மாறும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டை வெட்டி வெல்டு வைப்பார்கள். சேசிஸ் எண்ணும் அதே தடுப்புத் தகட்டில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. எண்ணைச் சுற்றி வெல்டு தழும்போ, கரடுமுரடான பெயின்டோ, பட்டி பூசிய இடமோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்த வழக்கு போனதே உங்கள் கேரளத்திலிருந்துதான். வேடிக்கை என்னவென்றால், மாற்றாமல் இடதுபுற ஸ்டியரிங்கோடே விட்டிருந்தால், 120ஆம் பிரிவு சொல்லும் சைகைக் கருவியைப் பொருத்தி ஓட்ட வழி இருந்தது. தரகர்கள் கெடுத்த கார்கள்தான் அதிகம்.

‘ஐம்பது வருஷக் கார் என்று வி.ஏ. நம்பர் (பழங்கால வின்டேஜ் கார்களுக்கான தனிப் பதிவு எண்) வாங்கித் தருகிறேன்’ என்றும் தரகர் சொல்வார். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. இந்தக் காருக்கு 2035க்கு முன் பேச்சே இல்லை. வந்தாலும் இந்த ஸ்டியரிங்கோடு கிடைக்காது.

இத்தனைக்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் டேட்டா கார்டு, சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் பத்திரம்), ஆர்.சி. மூன்றையும் கேளுங்கள். மூன்றிலும் உள்ள சேசிஸ் எண்ணைத் தடுப்புத் தகட்டில் அடித்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். எஞ்சின் எண் 117 என்று தொடங்க வேண்டும். பழைய ஆர்.சி.களைக் கணினியில் ஏற்றியவர்கள் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்ற எழுத்தைத் தட்டிவிடுவதுண்டு. பதினேழு இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் வரவே வராது, ஆர்.சி.யில் இருந்தால் அது தட்டச்சுப் பிழை. அதைப் பதிவு உள்ள அலுவலகத்தில் விற்பவரே திருத்தித் தர வேண்டும். நீங்கள் வாங்கிய பிறகு திருத்தப் போனால், ‘அங்கே போ’ என்று இவர்களும் ‘இங்கே வா’ என்று அவர்களும் மாநில எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உங்களை அலையவிடுவார்கள். நாடு முழுக்க ஒரே சட்டம், ஒரே கணினி என்று சொல்வதெல்லாம் கவுண்டர் வரைக்கும்தான்.

தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் 28ஆம் எண் படிவத்தில் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வேண்டும். காரைக் கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் கட்டாயம், சாலை வரியும் அங்கே தனி. ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தரகர் சொன்னால், என்.ஓ.சி. உங்கள் கைக்கு வரும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.